பூச்சியத்தை எங்கே வைப்பது? வன்னி வகுப்பறைகளில் மறை எண்களும் தெக்காட்டின் தளமும்

க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் வரைபு வினா ஒன்று வழக்கமாக வரும். இருபடிச் சார்பு ஒன்றைத் தந்து, அதன் பெறுமான அட்டவணையில் ஓரிடத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். அதை நிரப்பி, வரைபுத்தாளில் புள்ளிகளைக் குறித்து, வளைகோட்டைக் கீற வேண்டும். வை = எக்ஸ்² − 2எக்ஸ் − 3 என்பதை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் −2 ஆகும்போது வை என்ன? 4 + 4 − 3, அதாவது 5. வன்னியில் மட்டுமல்ல, நாடெங்கும் பல விடைத்தாள்களில் இந்த இடத்தில் −11 இருக்கும். (−2)² என்பதை −4 என்றும், −2 ஐ −2 ஆல் பெருக்கியதை இன்னொரு −4 என்றும் எடுத்தால் அதுதான் வரும். இடப்புறம் மேலே ஏறவேண்டிய வளைகோடு (−2, −11) என்ற புள்ளியை எட்டிப்பிடிக்கக் கீழே விழுகிறது. வலப்புறம் ஒரு விதமாகவும் இடப்புறம் வேறு விதமாகவும் நிற்கும் அந்தக் கோட்டைப் பார்த்தும் பிள்ளைக்குச் சந்தேகம் எழுவதில்லை.

தரம் 11 இல் நடக்கும் இந்தப் பிழையின் வேர் தரம் 7 இலும் 8 இலும் இருக்கிறது. அங்கே இரண்டு பாடங்கள் உண்டு: ஒன்று மறை எண், மற்றது தெக்காட்டின் தளம், அதாவது எக்ஸ், வை அச்சுகள் கொண்ட வரைபுத்தளம். இரண்டையும் நமது பாடசாலைகளில் இரண்டு தனித்தனி அலகுகளாக, இரண்டு விதிக் கட்டுகளாகக் கற்பிக்கிறோம். அவை இரண்டும் ஒரே கேள்வியில் நிற்பவை: பூச்சியத்தை எங்கே வைப்பது? அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் முதலில் கேட்காததே வன்னி வகுப்பறைகளில் இந்தப் பாடம் ஒட்டாமற் போவதற்கு முதற் காரணம் என்பது என் முடிவு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

பாடத்திட்டம் எப்படி இருக்கிறது? மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தில் தரம் 6 இல் எண் கோடு வருகிறது. பூச்சியத்துக்கு இடப்புறத்து எண்களைப் பிள்ளை அங்கேதான் முதன்முதலாகக் காண்கிறது. தரம் 7 இல் திசைகொண்ட எண்களின், அதாவது நேர், மறை எண்களின், கூட்டல். தெக்காட்டின் தளம் அதே தரத்தில், பல அலகுகள் கடந்து, பல மாதங்கள் கழித்து வரும். தரம் 8 இல் கழித்தல், பெருக்கல், வகுத்தல். எண் கோடும் தெக்காட்டின் தளமும் அந்த ஆண்டில்தான் ஓர் அலகில் ஒன்றுசேர்கின்றன. தரம் 9 இல் நேர்கோட்டு வரைபு, படித்திறன். வரிசையில் குறையில்லை. ஆனால் திசைகொண்ட எண்ணை மாசியில் படித்த பிள்ளை, தளத்தைத் தொடும்போது அதை மறந்திருக்கும். மூன்றாந் தவணையில் பாடம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஆசிரியரும் பின்னுக்குப் போய்ப் பார்க்க மாட்டார். பரீட்சைக்கு வரக்கூடியதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பில் முழுக்கள் என்ற பெயரில் இந்த எண்கள் வருகின்றன. ஆயத்தொலை வடிவியல் என்ற தனி அலகு ஒன்பதாம் வகுப்பில்தான் வருகிறது. அங்கே இடைவெளி இன்னும் நீளம்.

வன்னிக்கென்று தனிச் சுமையும் உண்டு. கணிதம் ஒரு படி விட்டால் அடுத்த படி ஏற முடியாத பாடம். 2008 இலும் 2009 இலும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் போரால் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் தகரக் கொட்டகைகளிலும் கூடாரங்களிலும் படித்தார்கள். அன்று தரம் 7 இல் இருந்தவர்கள் இன்று முப்பதை எட்டுகிறார்கள். அவர்களில் சிலர் ஆசிரியர்கள், பலர் பெற்றோர். தமக்கு வகுப்பில் கிடைக்காத ஒரு பாடத்தைப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க அவர்களால் முடியாது. அதை அவர்களின் குறையாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பிறகு 2020 இலும் 2021 இலும் கொவிட் தொற்றுக்கால முடக்கம். கைபேசித் தொடர்பு சரியாகக் கிடைக்காத ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்துக் கிராமங்களில் அந்த மாதங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே போயின. உள்ளூர்ப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் தட்டுப்பாடு பழைய கதை. வந்தவர் இடமாற்றம் பெற்றுப் போவதும், வேறு பாடத்துக்கு வந்தவர் கணிதத்தைக் கையேற்பதும் எல்லாக் கல்வி வலயங்களுக்கும் தெரிந்தது. இவை எல்லாம் உண்மை. ஆனாலும் நல்ல ஆசிரியர் இருக்கும் வகுப்பிலும் இந்தப் பாடம் ஒட்டுவதில்லை. ஆகவே பாடத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது.

அந்தச் சிக்கல் மனிதகுலத்துக்கே இருந்தது. சீனத்தில் கி.பி. 263 அளவில் லியூ ஹூய் எழுதிய உரையில் நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, மறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்ற வழக்கம் சொல்லப்படுகிறது. இந்தியாவில் பிரமகுப்தர் 628 இல் எழுதிய பிராமஸ்புட சித்தாந்தத்தில் செல்வம், கடன் என்ற இரண்டு சொற்களை வைத்து இந்த எண்களுக்கான விதிகளை முழுமையாகத் தந்தார். கடனும் கடனும் பெருக்கினால் செல்வம் என்பதும் அதில் உண்டு. ஐரோப்பாவோ ஆயிரம் ஆண்டு கழிந்த பிறகும் ஏற்கத் தயங்கியது. தளத்துக்குப் பெயர் தந்த தெக்காட்டே சமன்பாட்டின் மறைத் தீர்வுகளைப் பொய்யான மூலங்கள் என்று அழைத்தார். 1758 இல், அதாவது நியூட்டன் இறந்து 31 ஆண்டுகளின் பின்பும், பிரான்சிஸ் மசேரஸ் என்ற ஆங்கிலேயர் மறை எண்களை அட்சரகணிதத்திலிருந்தே விலக்க வேண்டும் என்ற கருத்தில் ஒரு நூல் எழுதினார். படித்த பெரியவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் முட்டுப்பட்ட இடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முட்டுப்படுவது இயல்பு. அதற்கு நாங்கள் ஒதுக்குவது சில பாடவேளைகள் மட்டுமே.

முட்டுப்படும் இடம் எது என்று பார்த்தால், பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை என்று சிறு வயதிலிருந்து சொல்லிவந்ததுதான். ஒன்றுமில்லாததற்கும் கீழே எப்படி ஒன்று இருக்கும்? இந்தக் கேள்வி நியாயமானது. பிள்ளை அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. −7, −3 இரண்டில் பெரியது எது என்று கேட்டால் "ஏழுதானே சேர் பெரிசு" என்று சொல்லும். அளவைப் பார்க்கிறதே தவிர இடத்தைப் பார்க்கவில்லை. இந்த நிலையில் உள்ள பிள்ளைக்கு விதி சொல்லிக்கொடுத்துப் பயனில்லை.

ஆகவே உலகெங்கும் ஆசிரியர்கள் ஏதாவதொரு மாதிரியைத் தேடியிருக்கிறார்கள். பழையது கடன். அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வன்னியில் அது வெறும் உதாரணம் இல்லை. போருக்குப் பின் மீள்குடியேறிய குடும்பங்களைத் தேடி நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. பெண்கள் குழுக் குழுவாகக் கடன் எடுத்தார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். கிழமைதோறும் கடன் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் பிள்ளைகளுக்குத் தெரியும். அம்மா வீட்டில் இல்லை என்று சொல்லும்படி அந்தப் பிள்ளைகளுக்கே சொல்லப்பட்டிருக்கும். 2018 இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்று நிலுவையில் கிடந்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. கணக்காகப் பார்த்தால் அதுதான் மறை எண்ணைக் கழித்தல். கடனை நீக்கினால் கை உயர்கிறது. −(−1) என்பது +1. இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஆனாலும் வகுப்பறையில் இதை முதல் உதாரணமாக எடுப்பதை நான் ஏற்கவில்லை. "உன் அம்மா கடையில் 500 ரூபா கடன் வைத்திருக்கிறா" என்று ஆசிரியர் தொடங்கும்போது, பின்வாங்கில் தலைகுனியும் பிள்ளை கணக்கைக் கேட்பதில்லை. கணக்கு வகையிலும் கடன் பாதிவழியில் நின்றுவிடும். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அது போதும். கடனைக் கடனால் பெருக்குவது என்றால் என்ன என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது.

வெப்பநிலை அடுத்தது. வன்னியில் மார்கழிக் குளிருக்கும் வெப்பமானி பூச்சியத்தை நெருங்காது. ஆகவே இது அந்நிய உதாரணம் என்று முன்பு ஒதுக்கிவிட்டிருக்கலாம். இன்று அப்படியில்லை. விசுவமடுவில் இருக்கும் பிள்ளைக்கும் ரொறன்ரோவில் ஒரு மாமியோ சித்தப்பாவோ இருப்பார். தை மாதத்தில் வீடியோ அழைப்பில் "இண்டைக்கு மைனஸ் பதினெட்டு" என்று சொல்வதைப் பிள்ளை கேட்டிருக்கிறது. −18 பாகை −5 பாகையைவிடக் குளிர் என்பதும் அதற்குத் தெரியும். எது பெரியது என்ற கேள்விக்கு இது நல்ல உதாரணம். ஆனால் இரண்டு வெப்பநிலைகளைக் கூட்டுவதற்கு ஒரு பொருளும் இல்லை. அதனால் தொடக்கத்துக்கு மட்டும் உதவும்.

கட்டடத்தின் மாடிகளையும் நிலத்தடித் தளங்களையும் எடுப்பது இன்னொரு வழி. இந்தியாவில் 2024 இல் வந்த ஆறாம் வகுப்பு மத்திய அரசுப் பாடநூல் அதைத்தான் மையமாக வைக்கிறது. மேலே கீழே போகும் அசைவைக் கூட்டலாகக் காட்ட அது அழகான வழி. நிலத்துக்குக் கீழே மாடி உள்ள கட்டடத்தைக் காணாத பிள்ளைக்கு அது படத்தில் மட்டும் நிற்கும்.

புளியங்கொட்டை வழி எனக்குப் பிடித்தது. ஒரு பக்கத்தை உரைஞ்சி வெள்ளையாக்கி, மறுபக்கத்தைக் கறுப்பாக விட்டால் தாயம் விளையாடுவதற்கும் ஆகும், எண்களுக்கும் ஆகும். வெள்ளை நேர், கறுப்பு மறை. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூச்சியம். ஐந்து கறுப்பும் மூன்று வெள்ளையும் போட்டால் மூன்று சோடி போய் இரண்டு கறுப்பு மிஞ்சும்: −5 + 3 = −2. லியூ ஹூயின் குச்சிகளும் செய்த வேலை இதுதான். செலவில்லை, கை வேலை செய்கிறது, பின்வாங்குப் பிள்ளையும் பங்கெடுக்கும். கழித்தலுக்கு வரும்போது சோடிகளைப் புதிதாகச் சேர்த்து, பிறகு வேண்டியதை எடுக்க வேண்டியிருக்கிறது. 2 − (−3) என்றால் இரண்டு வெள்ளைக்குள் எடுக்கக் கறுப்பே இல்லை. மூன்று சோடி சேர்த்து, மூன்று கறுப்பை எடுத்தால் ஐந்து வெள்ளை. விடை சரி, ஆனால் பல பிள்ளைகளுக்கு இது வித்தை காட்டுவதுபோல் தோன்றும். பெருக்கலில் புளியங்கொட்டையும் கைவிட்டுவிடும்.

இனி, இந்த மண்ணில் கிடக்கும் மாதிரிக்கு வருகிறேன். வன்னி குளங்களின் நாடு. இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு என்று பெரிய குளங்கள்; அவற்றைச் சுற்றி எண்ணிறந்த சிறு குளங்கள். கார்த்திகையும் மார்கழியும் வந்தால் வயல்வீடுகளில் பேச்சே நீர்மட்டம்தான். இரணைமடு 36 அடியை நெருங்குகிறதா, வான் கதவு திறக்கிறார்களா, சிறு குளம் எத்தனை அங்குலம் வான் பாய்கிறது என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். 2018 மார்கழி வெள்ளத்தில் அந்த எண்கள் உயிர்ப் பிரச்சினையாகவும் இருந்தன.

இந்தப் பேச்சுக்குள் இரண்டு வேறு பூச்சியங்கள் இருப்பதை ஆசிரியர் கவனித்தால் பாதிப் பாடம் முடிந்தது. குளத்தின் அளவுகோல் பொதுவாகத் துருசு வாயின் மட்டத்தைப் பூச்சியமாக வைத்து மேல்நோக்கி அடியை எண்ணும். அந்தப் பூச்சியத்துக்குக் கீழேயும் தண்ணீர் நிற்கும். துருசால் வெளியேறாத அந்தத் தண்ணீரில்தான் கோடையில் மாடு குடிக்கும், மீன் உயிர்பிழைக்கும். பூச்சியம் என்றால் தண்ணீர் இல்லை என்று பொருளில்லை. அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்றுதான் பொருள். சிறு குளத்தில் ஊரார் பேசும் பூச்சியம் வேறு. அது வான் மட்டம். அதற்கு மேலே மூன்று அங்குலம் என்றால் வான் மூன்று அங்குலம் பாய்கிறது. அதற்குக் கீழே ஐந்து அங்குலம் என்றால் வான் பாய இன்னும் ஐந்து அங்குலம் வேண்டும். ஒரே நீர், ஒரே நாள், இரண்டு எண்கள். ஒரு பூச்சியத்திலிருந்து பார்த்தால் நேர், மற்றதிலிருந்து பார்த்தால் மறை.

கழித்தல் இங்கே இயல்பாக விழுகிறது. நேற்று −5 அங்குலத்தில் நின்ற குளம் இரவு மழையில் இன்று +3 இல் நிற்கிறது. எத்தனை அங்குலம் ஏறியது? எட்டு என்று கை தூக்காத பிள்ளை வன்னியில் இல்லை. அதை எழுதச் சொல்லுங்கள்: இன்றையது கழித்தல் நேற்றையது, 3 − (−5) = 8. இரண்டு குறிகள் ஏன் கூட்டலாக மாறின என்பதற்கு விதி தேவையில்லை, விடை முன்னமே தெரிந்திருக்கிறது. குறியீடு பிள்ளையின் அறிவுக்குப் பின்னால் வருகிறது. வகுப்பறையில் நாங்கள் செய்வது இதற்கு நேர்மாறு.

"சயவும் சயவும் சக" (மறையும் மறையும் நேர்) என்ற மந்திரத்தின் கேடும் இங்கேதான் விளங்கும். பெருக்கலுக்குச் சொன்ன அந்த வாய்பாட்டைப் பிள்ளை எல்லா இடத்திலும் பாவிக்கும். −3 −4 என்றால் +7 என்று எழுதும். ரியூசன் வகுப்பில் அதைப் பாடலாக்கிச் சொல்லிக்கொடுப்பதால் பிழை இன்னும் இறுகிவிடும். குளத்தை நினைத்த பிள்ளை இந்தப் பிழையை விடாது: வான் மட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழே நின்ற நீர் இன்னும் நான்கு அங்குலம் இறங்கினால் மேலே போய் நிற்குமா?

இனிப் பெருக்கல். கடனும் வெப்பநிலையும் புளியங்கொட்டையும் நின்ற இடத்தைக் குளம் தாண்டுமா? தாண்டும், அதற்கு நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறுபோகத்துக்குத் துருசு திறந்திருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு அங்குலம் நீர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய நீர்மட்டத்தில் கம்பத்தில் ஒரு கோடு கீறி அதைப் பூச்சியம் என்போம். இன்றைய நாளும் பூச்சியம். நாளை +1, நேற்று −1. மூன்று நாள் கழித்து நீர் எங்கே? (−2) × 3 = −6. ஆறு அங்குலம் கீழே. நேற்று முன்தினம் எங்கே இருந்தது? இறங்கிக்கொண்டிருக்கும் நீர் இரண்டு நாளைக்கு முன் மேலேதான் இருந்திருக்கும், நான்கு அங்குலம் மேலே. (−2) × (−2) = +4. மந்திரம் வேண்டியதில்லை. குளம் கீழே போகப் போக ஒடுங்குவதால் உண்மையில் ஒரே வேகத்தில் இறங்காது என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளையைப் பாராட்டி, சில நாளுக்கு இப்படியே கொள்வோம் என்று தொடரலாம்.

இதையே தளத்தில் வைத்தால் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். குறுக்கு அச்சில் நாள், நெடுக்கு அச்சில் அங்குலம். (3, −6), (2, −4), (1, −2), (0, 0). சதுரக் கொப்பியில் நான்கு புள்ளிகளையும் பிள்ளை குறிக்கட்டும். அடிமட்டத்தை வைக்கட்டும். நான்கும் ஒரு கோட்டில் நிற்கும். கோட்டை இடப்புறம் நீட்டினால் அது (−1, 2), (−2, 4) என்ற இடங்களைத் தொட்டுப் போகும். நீட்டும்போது கோடு முறிய வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் எதிர்பார்ப்பதில்லை. (−2) × (−2) என்பதை −4 என்று எழுதியிருந்தால் கோடு உற்பத்திப் புள்ளியில் முறிந்து கீழே மடங்கும். டச்சுக் கணிதவியலாளர் ஹான்ஸ் பிராய்டெந்தால் 1983 இல் வெளியிட்ட தமது பெருநூலில் இந்த வழியைப் பரிந்துரைத்தார்: விதிகள் எதற்காக அப்படி இருக்கின்றன என்றால், நேர்கோடு எல்லாப் பக்கத்திலும் நேர்கோடாகவே நிற்பதற்காக. தளமே விதிக்குக் காரணத்தைக் காட்டுகிறது. விதியையும் தளத்தையும் பல மாத இடைவெளியில் தனித்தனியே வைக்கும் ஒழுங்கில் இந்தக் காரணம் பிள்ளைக்குக் கிடைக்காமலே போகிறது. தொடக்கத்தில் சொன்ன வளைகோடு ஒரு பக்கம் விழுந்து கிடந்தும் சந்தேகம் வராததற்கும் இதுவே காரணம்.

தளத்தைத் தனியாகவும் பார்ப்போம். தெக்காட்டு 1637 இல் தம் வடிவியல் நூலை எழுதியபோது இன்று நாம் வரையும் நான்கு பகுதிகளும் அதில் இல்லை. மறை ஆள்கூறுகளை முறையாகப் பாவித்து நான்கு பகுதிகளிலும் வளைகோடுகளை வரைந்து காட்டியது 1704 இல் வெளிவந்த நியூட்டனின் நூல். அதற்கு முன், 1685 இல், ஜோன் வாலிஸ் ஒரு மனிதனை நடக்கவிட்டு விளக்கினார்: ஐந்து யார் முன்னே போய் எட்டு யார் பின்னே வந்தால் அவன் எங்கே நிற்கிறான்? நமது பாடசாலை முற்றத்தில் இதையே செய்யலாம். நகரப் பாடசாலைகளுக்கு இல்லாத செல்வம் ஒன்று வன்னிப் பாடசாலைகளுக்கு உண்டு, அது பரந்த நிலம். இரண்டு கயிறு, நாலு முளை, கொஞ்சம் சாம்பல் இருந்தால் முழு வகுப்பும் தளத்தின்மேல் நிற்கலாம்.

அதைவிடப் பெரிய தளம் ஒன்றும் இங்கே கிடக்கிறது. பரந்தன் சந்தி. ஏ9 வீதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஏ35 வீதி கிழக்குப் பக்கம் முல்லைத்தீவை நோக்கிப் பிரிகிறது. மேற்கே பூநகரி வீதி. வீதிகள் வளையும் என்பதால் அவற்றையே அச்சாகக் கொள்ள முடியாது. ஆனால் சந்தியை உற்பத்தியாக வைத்து, கிழக்கை நேர் எக்ஸ் என்றும் வடக்கை நேர் வை என்றும் கொண்டால் வன்னி முழுவதும் ஒரு தளமாகிவிடும். நேர்கோட்டுத் தூரத்தை ஐந்து கிலோமீற்றருக்கு மட்டந்தட்டிச் சொல்கிறேன்: ஆனையிறவு (0, 10). கிளிநொச்சி நகரம் (0, −5). பூநகரி (−20, 5). மாங்குளம் (5, −35). முல்லைத்தீவு (45, −20). வவுனியா (10, −75). வடகிழக்கே சுண்டிக்குளம் முதற் பகுதியில், தென்மேற்கே முழங்காவில் மூன்றாம் பகுதியில். நான்கு பகுதிகளிலும் பிள்ளைக்குத் தெரிந்த ஊர், போன ஊர், சொந்தக்காரர் இருக்கும் ஊர்.

இப்போது உற்பத்தியை மாங்குளம் சந்திக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஊரின் ஆள்கூறும் மாறும். கிளிநொச்சி (−5, 30) ஆகிவிடும். முல்லைத்தீவு (40, 15). பரந்தனிலிருந்து பார்த்தபோது மறையாக இருந்த முல்லைத்தீவின் வை ஆள்கூறு மாங்குளத்திலிருந்து நேராகிவிட்டது. முல்லைத்தீவு நகரவில்லை. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலான தூரமும் மாறவில்லை. கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பரந்தன் கணக்கில் கிழக்கே 45 − 0 = 45; மாங்குளம் கணக்கில் 40 − (−5) = 45. மறை எண்ணைக் கழிப்பது ஏன் கூட்டலாகிறது என்பதற்கு இன்னொரு சாட்சி, வீட்டு வாசலிலேயே.

ஆள்கூற்றின் வரிசையைப் பிள்ளைகள் மாற்றி எழுதுவது மற்றொரு நிரந்தரப் பிழை. அதைக் காட்டவும் ஒரு நல்ல வழி இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பொறியும் உண்டு. கைபேசி வரைபடத்தில் கிளிநொச்சியைத் தொட்டால் ஏறத்தாழ 9.4, 80.4 என்று வரும். முதலாவது அகலக்கோடு, இரண்டாவது நெடுங்கோடு. கணிதத் தளத்திலோ கிழக்கு மேற்கு எண் முதலில் வரும், ஆகவே கிளிநொச்சி (80.4, 9.4). மாற்றிக் குறித்தால் கிளிநொச்சி நோர்வேக்கும் வடக்கே ஆர்க்டிக் கடலில் விழும். பூமியின் இந்தப் பெருந்தளத்தில் வன்னி முதற் பகுதியில் இருக்கிறது. எக்ஸ் குறியை மட்டும் மாற்றி (−80, 9) என்று வைத்தால் பனாமாவில் போய் நிற்போம். வை குறியை மட்டும் மாற்றினால் இந்து சமுத்திரம். இரண்டையும் மாற்றினால் பெரு நாட்டுக் கரைக்கு அப்பால் பசிபிக் கடல். முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் ஜிபிஎஸ் கருவியில் வலை போட்ட இடத்தைக் குறித்து வைத்து மறுநாள் அதே இடத்துக்குப் போகிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு ஆள்கூறு புதிதல்ல, அதைப் பாடத்தோடு இணைத்துக் காட்டுவார் இல்லை என்பதே குறை.

ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். ஆள்கூறு பழக்க உலகெங்கும் பாவிக்கும் விளையாட்டு, எதிரியின் கப்பல் இருக்கும் கட்டத்தைச் சொல்லிக் குண்டு போடுவது. புதுக்குடியிருப்பிலோ முள்ளிவாய்க்காலிலோ ஒரு வகுப்பில் அதைச் செய்யக் கூடாது. அதே விளையாட்டைக் கட்டாக்காலி மாடு தேடுவதாக மாற்றினால் கணக்கில் ஒன்றும் குறையாது. கண்ணிவெடி அகற்றும் வேலையைப் பற்றிப் பேசுவது வேறு. முகமாலையிலும் மற்ற இடங்களிலும் அந்த வேலையைச் செய்தவர்களில் ஏராளமான பெண்கள் உண்டு. ஒரு நிலையான புள்ளியிலிருந்து அளந்து, பாதையாகப் பிரித்து, அடியடியாகத் துப்புரவாக்கி, எடுத்த ஒவ்வொன்றின் இடத்தையும் பதிந்து வைக்கும் வேலை அது. இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இணைந்தது. பச்சிலைப்பள்ளிப் பிள்ளைக்கு அவளது அம்மா நாளாந்தம் செய்தது ஆள்கூற்று வேலை என்று மரியாதையோடு சொல்லலாம். அதை எப்போது சொல்வது, சொல்லலாமா என்பதை அந்த வகுப்பை அறிந்த ஆசிரியரே தீர்மானிக்க வேண்டும்.

குளத்தை எடுத்தாலும் வெள்ளத்தில் வீடிழந்த பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும் என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் கடன் ஒரு குடும்பத்தைத் தனியே குறிவைத்து வெட்கப்படுத்துகிறது. குளம் ஊருக்குப் பொது. வான் பாய்ந்தால் எல்லோருக்கும்தான் பாய்கிறது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒரு பாடவேளை குறுகியது; பாடத்திட்டம் நீளம்; தவணைப் பரீட்சை வலய மட்டத்தில் ஒரே நாளில் வருகிறது. பதில் இதுதான்: மந்திரமாகச் சொல்லிக்கொடுத்து மிச்சம்பிடித்த நேரத்தைத் தரம் 9, 10, 11 மூன்றிலும் திரும்பத் திரும்பச் செலவழிக்கிறோம். சமன்பாடு தீர்க்கும்போது குறி பிழை, படித்திறன் காணும்போது குறி பிழை, காரணி காணும்போதும் குறி பிழை. கணிதத்தில் சித்தியில்லாமல் உயர்தரத்துக்குப் போகும் வழி மிகக் குறுகலானது என்பது வன்னிப் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். தரம் 7 இல் இரண்டு கிழமை கூடுதலாகக் கொடுப்பது நட்டமில்லை.

செய்ய வேண்டியதில் பெரும்பகுதி கொழும்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லாதது. தரம் 7 இல் திசைகொண்ட எண்களைக் கற்பிக்கும் அதே கிழமையில் தளத்தையும் தொடங்க ஆசிரியருக்குத் தடையில்லை. அலகுகளின் வரிசையை முன்பின்னாக எடுப்பதை வலய ஆசிரிய ஆலோசகர்கள் ஒத்துக்கொண்டால் போதும். தவணைப் பரீட்சையை அதற்கேற்பச் சரிசெய்வது அவர்கள் கையில்தான் இருக்கிறது. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவர்கள் தமது கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் இந்தக் குளக் கணக்கையும் சந்திக் கணக்கையும் பரீட்சித்துப் பார்த்து, எங்கே பிள்ளைகள் தடுக்கினார்கள் என்று எழுதிவைக்கலாம். வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்குள்ள மாணவர்கள் சனிக்கிழமையில் ஒரு பாடசாலைக்கு வந்து முற்றத்தில் கயிறு கட்டிக் காட்டுவது முடியாத காரியமில்லை. நீர்ப்பாசனத் திணைக்களம் மழைக்காலத்தில் வெளியிடும் நீர்மட்ட விவரம் கைபேசியிலேயே வருகிறது. அதை ஐப்பசி தொடங்கி நாள்தோறும் வகுப்புச் சுவரில் ஒரு வரைபாகப் பிள்ளைகளே கீறிக்கொண்டு வரட்டும்.

தேசிய கல்வி நிறுவகத்திடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பாடநூலின் அடுத்த பதிப்பில் திசைகொண்ட எண்களின் பெருக்கலுக்குப் பக்கத்திலேயே அந்த நேர்கோட்டை வரைந்து காட்டுங்கள். ஒரு பக்கம் போதும்.

கணித ஆசிரியர்களே, அடுத்த முறை தரம் 7 இல் இந்த அலகைத் தொடங்கும்போது விதியைக் கரும்பலகையில் எழுதுமுன், உங்கள் ஊர்க் குளத்தின் பெயரை எழுதி, பூச்சியத்தை எங்கே வைக்கலாம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் வாதாடட்டும். அந்த வாதம் முடிந்தபின் வெண்கட்டியை எடுங்கள்.